நாலு புள்ளி மூன்று

முன்னால் போனால் பின்பக்கம் தெரிகிறது என்று
கழனிவாசல் முக்கில் இருக்கும் என் ஷெட்டுக்குத்
தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
வெள்ளைக் கார். புதுவயல் ரைஸ் மில்லுடையது.
பானெட் மடிப்பெல்லாம் உமித்தூசி.

கியர் டி-யில் ஓடிக்கொண்டிருக்க
பின்கேமரா தானாகத் திறந்து
துரத்தி வரும் டவுன் பஸ்ஸைக் காட்டுகிறதாம்.
நிறுத்திப் பி-யில் போட்டால்
எழுத்து மினுக்கி மினுக்கி அணையுமாம்.
அப்புறம் ஸ்டார்ட் ஆகாது.
தான் நிற்பது அதற்கே தெரியாதபோது
எப்படிக் கிளம்பும்?

திருச்சி ஷோரூமில் கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள்,
ரெண்டு லட்சத்து எட்டாயிரம், என்றான் டிரைவர் சேவுகன்.
தொகை வரும்போது குரல் இறங்கியது.
எலிதான்க்கா, மில்லு எலி,
என்றான், நான் கேட்காமலே.

டார்ச்சோடு அடியில் படுத்தேன்.
டேப் பிரியவில்லை, புழுக்கை இல்லை,
பல் பட்ட செம்பு எங்கும் மின்னவில்லை.
எலி மேல் பழி போட்டு நானும்
சில மாதம் வாடகை கட்டியிருக்கிறேன்.
இது அதன் வேலை இல்லை.

ஸ்கேனர் ஒரு எண்ணைத் துப்பியது.
எண் என்பது புகார்தான். சாட்சி வேறு.

லிவருக்கடியில் தீப்பெட்டி அளவு சென்சார்.
அதிலிருந்து ரெண்டு கம்பி,
ஒரே சேதியைத் தலைகீழாய்ச் சொல்ல.
ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும்.
எந்தக் கியரில் கூட்டினாலும் ஐந்து வோல்ட் வரவேண்டும்.
வராவிட்டால் கார் ரெண்டையும் நம்பாது.

மீட்டரை வைத்தேன்.
ஒன்று புள்ளி ஒன்று. மூன்று புள்ளி இரண்டு.
சப்ளை சரி. எர்த் சரி. திரும்ப வைத்தேன்.
நாலு புள்ளி மூன்று.
மிச்சம் எங்கே போகிறது?
நடுவில் யாரோ கை நீட்டுகிறார்கள்.

கன்சோல் மூடியில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்ததும்
அதை எதுக்குக்கா கழட்டுறீங்க, என்றான் சேவுகன்,
கோளாறு அடியிலதானே.

கழற்றினேன்.
ரெண்டு பின்னுக்கு நடுவே பச்சை பூத்திருந்தது,
அதன்மேல் வெள்ளையாய் ஒரு படலம்.
விரலில் தேய்த்து முகர்ந்தேன். புளிப்பு.
கனெக்டரின் உதட்டில் ஒட்டிக் காய்ந்த
ஒரு கருவேப்பிலை. நாலு கடுகு.

தாளித்த மோர்.

சேவுகன் ஷெட்டின் வாசலைப் பார்த்தபடி பேசினான்.
பால்குடத்தன்னைக்குக்கா. மோர்ப்பந்தல்ல குடுத்தாக.
கார்ல தண்ணி கூடக் குடிக்கக்கூடாதும்பாரு முதலாளி.
செஞ்சை தாண்டையில மாடு குறுக்க வந்துருச்சு.

ரெண்டு லட்சம்னப்பவுமா வாயைத் திறக்கல?

பதினாலாயிரம்க்கா சம்பளம், என்றான்.
அதற்குமேல் அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
கான்டாக்ட் கிளீனர், என் பழைய பல்துலக்கும் பிரஷ்,
பக்கத்துப் பியூட்டி பார்லரில் இரவல் வாங்கிய
முடி உலர்த்தும் மெஷின்.
பின்னின் ஓரத்தில் உப்பு கடைசிவரை பிடிவாதம் பிடித்தது.

ஒன்று புள்ளி மூன்று. மூன்று புள்ளி ஏழு.
ஆர், என், டி எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தோம்.
ஐந்து, ஐந்து, ஐந்து.
சேவுகன் பின்னால் எடுக்கும்போது
இப்போது திரையில் நான் தெரிந்திருப்பேன்,
கையில் கருவேப்பிலையோடு.

பில் புத்தகத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
பெரும்பாலும் காலியாய் விடுவேன்.
மில்காரர் காலியாய் விடுகிற ஆள் இல்லை.
'ஈரம்' என்று எழுதினேன்.
ரூபாய் தொள்ளாயிரம். கீழே
இருதயமேரி என்று முழுசாய்க் கையெழுத்து.

ராத்திரி போன் வந்தது.
ரொம்பச் சந்தோஷம்மா, ரெண்டு லட்சம் தப்பிச்சது.
அதென்ன, ஈரம்?
மழையாயிருக்கும், என்றேன்.
புதுவயல்ல மழை பேஞ்சு
நாலு மாசமாச்சேம்மா, என்றார்.

ஆமாம், என்றேன்.

கொஞ்ச நேரம்
ரெண்டு பேரும் லைனில் இருந்தோம்.